குளியலறைத் திரைக்கம்பி: தாங்குவது எது, தாங்காதது எது?

இடுப்பு அல்லது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் மிகுந்த கவனத்துடன் நடமாட வேண்டிய இடம் குளியலறை. ஈரத்தரை, சோப்பு நுரை, குறுகிய இடம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு தெரிவித்தது. அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

பூந்தமல்லியின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் குளியலிடமும் கழிப்பிடமும் ஒரே அறையில் அமைந்துள்ளன. குளிக்கும் நீர் கழிப்பிடத் தரைக்குத் தெறிக்காதிருக்க இடையே பிளாஸ்டிக் திரை தொங்கவிடுவது நல்ல பழக்கமே. தரை உலர்ந்திருந்தால் வழுக்கல் குறையும். ஆயினும், கால் வழுக்கும் கணத்தில் கை அருகிலுள்ள திரையையே பற்றும். கம்பி உறுதியாக இல்லையெனில் திரையும் கம்பியும் விழுபவரோடு சேர்ந்தே விழும்.

கம்பி ஏன் கழல்கிறது?

கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பிக்குத் திருகாணி இல்லை. இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வில்லைகள் சுவரை அழுத்துவதால் உண்டாகும் உராய்வே அதனைத் தாங்குகிறது. அந்த உராய்வு குறையும்போது கம்பி நழுவுகிறது. அதற்குக் காரணங்கள் மூன்று:

முதலாவது, ஓட்டின்மேல் படியும் சோப்புப் படலமும் உப்புப் படிவும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் வெண்ணிறப் படிவு விரைவில் சேரும்.

இரண்டாவது, அளவுக்கு மீறிய பாரம். ஈரத்துணிகளைக் கம்பியின் நடுவில் உலர்த்தினால் அது வளையும். வளையும்போது முனைகள் சாய்ந்து பிடி தளரும்.

மூன்றாவது, நாளடைவில் ரப்பர் இறுகி வழவழப்பாவதும் ஸ்பிரிங் துருப்பிடிப்பதும்.

உறுதியாகப் பொருத்தும் முறை

1. வில்லைகள் பதியும் இடத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிடுங்கள். உப்புப் படிவு இருந்தால் வினிகர் தோய்த்த துணியால் துடைத்துப் பின்னர் நீரால் கழுவுங்கள்.

2. இரு சுவர்களிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தை அளந்து குறியிடுங்கள். சாய்ந்து நிற்கும் கம்பி விரைவில் நழுவும்.

3. சுவர்களின் இடைவெளியைவிடக் கம்பி 2 முதல் 3 செ.மீ. நீளமாக இருக்குமாறு திருகி, அழுத்திச் சுருக்கிப் பொருத்துங்கள். இரு ஓடுகள் சேரும் கோட்டின்மேல் வில்லை அமைய வேண்டா. ஓட்டின் சமதளத்தில் அமையட்டும்.

4. மாதம் ஒருமுறை கம்பியை மெல்லக் கீழே இழுத்துச் சோதித்து, தளர்ந்திருந்தால் மீண்டும் இறுக்குங்கள்.

5. திரையின் கீழ் விளிம்பு தரையில் புரளக் கூடாது. புரண்டால் கால் சிக்கும்.

நிலையான பிடிப்பு வேண்டுவோர் சுவரில் துளையிட்டுத் திருகும் கம்பியைத் தேர்ந்தெடுக்கலாம். துளையிடுமுன் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயும் கீசர் மின்கம்பியும் எங்குள்ளன என்பதைப் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டறிதல் அவசியம். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையே பயன்படுத்துங்கள். இலகுரகச் சிமென்ட் கற்களால் கட்டிய சுவரில் சாதாரண பிளக் உறுதியாக நிற்காது. அத்தகைய சுவருக்கென விற்கப்படும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

நினைவில் நிறுத்த வேண்டிய வேறுபாடு

எவ்வளவு உறுதியாகப் பொருத்தினாலும் திரைக்கம்பி திரையைத் தாங்குவதற்கே உரியது. மனிதரைத் தாங்குவதற்கு அன்று. துண்டு போடும் கம்பிக்கும் இதுவே பொருந்தும். உடல் எடையைத் தாங்கும் பொறுப்பு கைப்பிடிக் கம்பிக்கு மட்டுமே உரியது. அமெரிக்க நாட்டின் மாற்றுத்திறனாளர் அணுகல் விதிகளின்படி அக்கம்பி சுமார் 113 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும். தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே 3.8 செ.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி மிகுந்தால் விழும்போது கை உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்றழுத்தத்தால் சுவரில் ஒட்டும் கைப்பிடிகள் எதிர்பாராமல் கழன்றுவிடும் என்பதால் அவற்றை நம்பி எடையைச் சாய்க்காதீர்கள்.

நோயாளியின் உயரத்திற்கும் வலுவான கைக்கும் ஏற்ப எந்தப் பக்கம் கைப்பிடி வேண்டும் என்பதை வீடு திரும்புமுன் இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

நோயாளி குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் இட வேண்டா என அறிவுறுத்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து குளிப்பதாயின் அதன் கால்களில் வழுக்காத ரப்பர் இருக்கட்டும். விழுந்தவரை அவசரமாகத் தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தாலும், காலை அசைக்க இயலாதிருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் அவரை அசைக்காமல் 108ஐ அழையுங்கள்.

நோயாளி வீட்டிற்கு வரும் நாளுக்கு முன்பே, உடல்நலமுள்ள ஒருவர் குளியலறையில் நின்று பார்க்கட்டும். கை நீட்டினால் முதலில் எட்டுவது திரையாக இருந்தால், அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி தேவை என்று பொருள்.