ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு பேசுவோம்

பழைய ஃபெண்டர் பேஸ் கிட்டாரை விற்க வருகிறவர் பெரும்பாலும் இரண்டு அத்தாட்சிகளோடு வருவார். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் சீரியல் நம்பர் ஒன்று, பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்தபோது வந்த எண் இன்னொன்று. “பத்தரை கே காட்டுது, அசல்தான்” என்பார்.

அந்தத் தகடு நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. சில நிமிடங்களில் வேறு கிட்டாருக்கு மாறிவிடும். மீட்டர் எண் அதைவிடப் பலவீனமான சாட்சி. பிரிசிஷன் பேஸ் பிக்கப் என்றால் 10, 11 கிலோ ஓம், ஜாஸ் பேஸ் என்றால் 7, 8 என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்றைய நகல்களையும் அதே அளவுக்குத்தான் சுற்றுகிறார்கள். போதாததற்குச் செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். தெற்குக் கலிபோர்னியாவில் என் பட்டறை ஒரு கார் ஷெட். ஜனவரிக் காலையில் 15 டிகிரியில் 10.5 காட்டும் காயில், ஆகஸ்ட் மதியம் 35 டிகிரியில் 11.3 காட்டும். அதை வைத்து “இது கூடுதலாகச் சுற்றிய பிக்கப்” என்று கூடுதல் விலை சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டும். 1957-இல் வந்த இரட்டைத் துண்டு பிக்கப்பில் ஒவ்வொரு பாதியையும் தனியாக அளந்து ஒப்பிடவும் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நிம்மதி. ஒன்று ஐந்தும் மற்றொன்று ஆறரையும் காட்டினால், ஒரு பாதி வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம், அல்லது பின்னால் யாரோ சுற்றியிருக்கலாம். மீட்டரின் வேலை அதோடு முடிந்தது.

பிக்கப்பைத் தொடுவதற்கு முன் அதன் ஒயர் போய் முடிகிற இடத்தைப் பாருங்கள். இத்தனை வருடத்தில் நான் கற்றதில் இதுதான் அதிகம் பயன்பட்டிருக்கிறது. பிக்கப்பைப் போலியாகச் செய்கிறவர் அடித்தட்டு, காந்தம், கம்பியின் நிறம் என்று எல்லாவற்றிலும் கவனமாக இருப்பார். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் உள்ள சாலிடரில் அவ்வளவு கவனம் இருக்காது. ஆலையில் ஒரே தடவை வைத்த சாலிடர் மங்கலாக, தூசி படிந்து, ஒரே பரப்பாக இருக்கும். மறுபடி சூடேற்றியது பளபளக்கும், அல்லது மேடும் பள்ளமுமாகத் தெரியும். பக்கத்தில் பழைய கம்பி இழை ஒன்றிரண்டு அறுந்து ஒட்டியிருந்தால், முன்னால் அங்கே வேறொரு ஒயர் இருந்தது என்று பொருள். ஒயரையும் பாருங்கள். 1960களின் பெரும்பகுதியில் மெழுகு தோய்ந்த துணி உறை போட்ட ஒயர்தான், பிளாஸ்டிக் உறை அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தது. துணி ஒயர் இன்றும் புதிதாகக் கிடைப்பதால் துணியைக் கண்டதும் மயங்கிவிட வேண்டாம். பழையதில் மெழுகு கறுத்திருக்கும், வளைந்த இடத்தில் வளைந்தபடியே நிற்கும்.

இதைப் பார்க்க, கிட்டாரின் முகத்தில் திருகியிருக்கும் பிக்-கார்டைக் கழற்றும்போது அவசரம் கூடாது. 1960களின் முற்பாதியில் வந்த ஆமையோட்டு நிற செல்லுலாய்டு கார்டுகள் காலப்போக்கில் சுருங்கும். கழற்றிய பிறகு மரத்தில் உள்ள துளைக்கும் கார்டின் துளைக்கும் ஒத்துப்போகாது, ஸ்க்ரூவை அழுத்தித் திருகினால் மூலை விரியும். பிக்கப் ஒரிஜினலா என்று பார்க்கப்போய், ஒரிஜினல் கார்டை உடைத்தவர்கள் உண்டு. ஸ்க்ரூக்களை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள்.

பாட்டின் எண் சுலபமான துப்பு என்பதால் அதில்தான் தப்பான முடிவும் அதிகம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். ஏழு இலக்கமாக 3046234 என்றிருந்தால் 1962-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். 1950களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான், 304731 என்றால் 1957-இன் 31-ஆவது வாரம். அந்த வாரத்தில் செய்யப்பட்டது பாட், கிட்டார் அல்ல. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பின், 1966-இல் பாட்களை ஏராளமாக வாங்கிக் குவித்தார்கள். அந்தக் கையிருப்பு 1969 வாக்கில் வந்த கிட்டார்களிலும் இருக்கிறது. ஆகவே கிட்டார் இந்தத் தேதிக்கு முந்தியதல்ல என்பதைத்தான் பாட் சொல்லும். எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது.

அடித்தட்டின் நிறத்துக்கும் இதே நியாயம். வல்கனைஸ்டு ஃபைபரில் வெட்டிய இந்தத் தட்டு முதலில் கறுப்பு, 1964 வாக்கில் சாம்பல். “1962 ஜாஸ் பேஸ், கை படாதது” என்று வந்த கிட்டாரில் சாம்பல் தட்டு இருந்தால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சாம்பலாக இருப்பதாலேயே 1960களைச் சேர்ந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. தட்டில் பென்சிலாலோ மை முத்திரையாலோ தேதி இருந்தால் அதைப் பாட் தேதியோடு பொருத்திப் பாருங்கள். சில மாத இடைவெளி சகஜம். கம்பியின் நிறத்தைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஃபார்ம்வார் பூச்சு பொன்னிறமாக மின்னும், பின்னால் வந்த சாதா எனாமல் கரும்பழுப்பாக இருக்கும். காயிலைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். தலைமயிரைப் போன்ற அந்தக் கம்பி ஒரே ஓர் இடத்தில் அறுந்தால் பிக்கப் ஊமை.

எனக்குப் பிடித்த கருவி சட்டைப் பையில் அடங்கும் காந்த ஊசி. பிரிசிஷனின் இரண்டு பாதிகளிலும் காந்தத் துருவம் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒரு பாதியின் மேல் வைத்த ஊசியை மறு பாதிக்கு நகர்த்தினால் முனை திரும்ப வேண்டும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களுக்கும் இதேதான், சுற்றும் திசையும் எதிரெதிர். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ரீங்காரம் அடங்குவது அதனால்தான். அடங்காவிட்டால், ஊசியும் திரும்பாவிட்டால், ஜோடியில் ஒன்று வெளியூர்க்காரர். காசில்லாத சோதனை. வாங்கப் போகிறவர்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

துருவுக்கும் ஒரு தர்க்கம் உண்டு. வியர்வை மேலிருந்து விழுகிறது. காந்தத் தலையில் துரு திட்டுத்திட்டாக, கை அதிகம் புழங்கும் பக்கத்தில் கூடுதலாக இருக்கும். எல்லாத் தலையிலும் ஒரே அளவாக, ஒரே நிறத்தில் துரு இருந்தால் அது அமிலத்தின் வேலை. அந்தக் காலத்தில் பிக்கப்புக்கு மேல் ஒரு குரோம் மூடி வந்தது. பலர் அதைக் கழற்றிவிடுவார்கள், ஆனால் துளைகள் இருக்கும். மூடி கடைசிவரை அங்கேயே இருந்தது என்று ஒருவர் சொல்லி, கீழே பிளாஸ்டிக் கவரின் விளிம்பில் கட்டைவிரல் தேய்மானமும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய். ஃபெண்டரில் கம்பி காந்தத்தை ஒட்டியே சுற்றப்படுவதால், துரு உள்ளே இறங்கினால் பூச்சை அரித்துக் கம்பியையும் அறுக்கும். செத்த காயில்களில் கணிசமானவை இப்படிப் போனவை.

ஜாஸ் பேஸில் இன்னொரு விஷயம்: 1970களின் தொடக்கத்தில் பின் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கமாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்த்திவிட்டார்கள். உள்ளே எந்தப் பிக்கப்பை வைத்தாலும் மரத்தில் வெட்டிய குழியை நகர்த்த முடியாது. ஸ்கேல் ஒன்று கையில் இருந்தால் போதும்.

எல்லாம் பார்த்த பிறகும், 1963 கிட்டாரில் வேறொரு 1963 பிக்கப்பை நேர்த்தியாக வைத்திருந்தால், கண்டுபிடிக்க மிஞ்சுவது சாலிடர் மட்டும்தான். அப்படிப்பட்ட கிட்டாரை நான் குறை சொல்வதில்லை. காலத்துக்குப் பொருந்தும் பாகம் என்று எழுதி, முழு அசலை விடக் குறைந்த விலைக்கு விற்றால் நியாயமான வியாபாரம். கிட்டாரோடு பிறந்த பிக்கப் அறுந்துபோய், அதே பாபினில் அதே காந்தத்தோடு மறுபடி சுற்றியது என்றால் எனக்கு அது ஒரு படி மேல். சந்தை இதை ஏற்பதில்லை. சந்தையில் கைபடாத காயிலுக்குத்தான் மரியாதை, அது ஊமையாக இருந்தாலும். வாசிக்க வாங்குகிறவர் என் பக்கம் வரலாம், பெட்டியில் பூட்டி வைக்க வாங்குகிறவர் சந்தையின் பக்கம் போகட்டும்.

தூரத்திலிருந்து வாங்குவதானால் முன்பணம் தருவதற்கு முன் மூன்று படங்கள் கேளுங்கள்: பிக்கப்பின் அடிப்பக்கம், பாட்டின் முதுகு, காலியான குழி. “கழற்றினால் மதிப்புப் போய்விடும்” என்று விற்பவர் சொன்னால், அசல் அல்ல என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாங்கிய பிறகு எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எடுத்த தேதியையும் காரணத்தையும் சீட்டில் எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.