சங்கப் பாடல்களில் குறிமரபும் ஜார்ஜ் எல். ஹார்ட்டின் அணங்குக் கோட்பாடும்

முன்னுரை

சீனத்தின் யீ ஜிங் குறிநூலாகத் தொடங்கி மெய்யியல் நூலாக வளர்ந்தது. பழந்தமிழில் கட்டு, கழங்கு, வெறியாட்டு, விரிச்சி ஆகிய குறிமுறைகள் அகத்துறைகளிலும் புறத்துறைகளிலும் இடம்பெற்றன. இவற்றின் சமயப் பின்புலத்தை விளக்கிய மேலை அறிஞருள் ஜார்ஜ் எல். ஹார்ட் குறிப்பிடத்தக்கவர். அவரது கருத்து குறிப்பாடல்களுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹார்ட்டின் கருத்து

1975இல் வெளிவந்த தம் நூலில் ஹார்ட், பொருள்களிலும் இடங்களிலும் சிறப்பாகப் பெண்ணிடத்தும் உறையும் அச்சந்தரும் ஆற்றலே அணங்கு என்றார். அதனைக் கட்டுக்குள் வைப்பதே சடங்குகளின் நோக்கம் என்றும் கருதினார். அணங்கைப் பெண்ணின் புனித ஆற்றலாகச் சுருக்குவது பொருந்தாது என வி.எஸ். இராஜம் 1986இல் மறுத்தார்.

பொய்க்கும் குறி

தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் எனத் தாய் நம்புகிறாள். இந்நம்பிக்கையை ஹார்ட்டின் கோட்பாடு நன்கு விளக்குகிறது. ஆயினும் பாடலின் நோக்கு தாயின் நோக்கோடு நின்றுவிடுவதில்லை. நற்றிணை 34இல் தோழி முருகனையே விளித்து, இந்நோய் தன் அணங்கால் வந்ததன்று என அறிந்தும் வெறிமனைக்கு வந்த அவனை அறியாமையுடையவன் என்கிறாள். அணங்கு என்னும் சொல் இங்கு மறுக்கப்படுவதற்காகவே இடம்பெறுகிறது. அகநானூறு 22இல் அச்சொல் தலைவனது மலைக்கு அடையாகிறது. வெறியயர்ந்த இரவில் காவலைக் கடந்து வந்த அவனைத் தழுவி நோய் தீர்ந்த தலைவி, தொடர்பற்ற வேலனை எண்ணி நகைக்கிறாள். குறுந்தொகை 23இலோ அகவன்மகள் பாடிய பல குன்றுகளுள் தலைவனது குன்றை மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகிறாள். கட்டுக் காணும் களமே அறத்தொடு நிற்கும் களமாகிறது.

மெய்ப்படும் விரிச்சி

எல்லாக் குறியும் பொய்ப்பதில்லை. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். கன்றைத் தேற்றும் ஆய்மகள், தாய்ப்பசுக்கள் விரைவில் வந்துவிடும் என்கிறாள். அச்சொல் நற்சொல்லாகக் கொள்ளப்படுகிறது. பாட்டின் இறுதியில் தலைவன் மீள்கிறான். ஆய்மகள் குறி சொல்ல வந்தவள் அல்லள்; கன்றின் துயர் கண்டு இயல்பாகப் பேசியவள். விரிச்சியின் வலிமை அவ்வியல்பிலேயே உள்ளது.

முடிவுரை

வேலனின் குறி பிழைப்பதும் ஆய்மகளின் சொல் பலிப்பதும் தற்செயலல்ல. முன்னதில் களவு மறைந்திருப்பதால் குறி காரணத்தைத் தெய்வத்தின்மேல் ஏற்றுகிறது. பின்னதில் கற்பு வெளிப்பட்டிருப்பதால் மறைக்க ஏதுமில்லை. எனவே குறியின் மெய்ம்மையைத் தீர்மானிப்பது அணங்கின் ஆற்றல் மட்டுமன்று, கைகோளும் ஆகும். ஹார்ட்டின் கோட்பாடு சடங்கை விளக்குகிறது. சடங்கைப் பாடலாக்கிய புலவரின் நோக்கை அகப்பொருள் மரபே விளக்குகிறது. சங்கச் சமய ஆய்வுக்கு இவ்விரண்டும் இணைந்தே வேண்டும்.