விரல் தவறினால் என்ன செய்வது? – கணினி வகுப்புக்கு ஒரு செயல்பாடு

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்கள் குறுக்குவழி விசைகளை எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், விரல் தவறி வேறு விசை அழுந்தினால் என்ன ஆகும், உடனே என்ன செய்ய வேண்டும் என்பது எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை.

விசைகளின் அண்டை வீடு

கண்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும். எஸ்ஸுக்கு இடப்பக்கம் ஏ. அது முழு உரையையும் தேர்வு செய்யும். மேலே டபிள்யூ, அது கோப்பையே மூடும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இவை முறையே இ, அ, ஈ எழுத்துகளுக்கான விசைகள். தமிழில் தட்டச்சு செய்யும் மாணவருக்கு, "இ சேமிக்கும், அ அனைத்தையும் பிடிக்கும், ஈ மூடும்" என்று சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் பதிகிறது.

கீழ்வரிசையிலும் இதே சிக்கல்தான். நகலெடுக்கும் சி விசைக்குப் பக்கத்தில் வெட்டும் எக்ஸ். வெட்டியதை ஒட்டுமுன் வேறொன்றை நகலெடுத்தால், முதலில் வெட்டியது நினைவகத்தில் இருக்காது.

எங்கள் வகுப்பில் நடந்தது

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள், மீன், இறால், நண்டு வகைகளுக்கு ஊரில் வழங்கும் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தட்டச்சு செய்தார்கள். ஒரு மாணவன் சேமிக்க நினைத்து ஏ விசையை அழுத்திவிட்டான். திரை முழுவதும் நீலமானது. அடுத்து 'ம' தட்டியதும், பட்டியல் போய் 'ம' மட்டும் நின்றது. பதறிப்போய் அதையே சேமித்துக் கோப்பையும் மூடிவிட்டான். கேட்ட பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர்கள் சிலர்தான். மற்ற பெயர்களுக்கு மீண்டும் வீடு வீடாகப் போனார்கள். சில பெயர்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

மூடாமல் கண்ட்ரோலுடன் இசட் அழுத்தியிருந்தால், சேமித்த பிறகும் பட்டியல் மீண்டிருக்கும். கோப்பை மூடும்போதுதான் அந்த வாய்ப்பு போகிறது.

செயல்பாடு (40 நிமிடம், இருவர் குழு)

1. பத்து மீன் பெயர்களைத் தட்டச்சு செய்து, கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்கவும்.
2. ஒருவர் அனைத்தையும் தேர்வு செய்து ஓர் எழுத்தைத் தட்டட்டும். மற்றவர் இசட் விசையால் மீட்கட்டும்.
3. மேலும் ஐந்து பெயர்களைச் சேர்த்து, சேமிக்காமல் மூடவும். "சேமிக்கவா?" என்ற கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மீண்டும் திறந்து, எத்தனை பெயர்கள் மிஞ்சின என்று எண்ணவும்.
4. லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் பகுதிக்குச் சென்று, வழக்கமாக 10 நிமிடம் என்றிருக்கும் தானியங்கி மீட்பு இடைவெளியை 2 நிமிடமாக மாற்றவும்.

நான்காவது படி மழைக்காலத்தில் மிகவும் உதவும். சேமிக்காத எழுத்து தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். படகைக் கட்டாமல் யாரும் கரையேற மாட்டார்கள் என்று எங்கள் மாணவர்களுக்குத் தெரியும். சேமிப்பதும் அப்படித்தான் என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மதிப்பீடு

"பக்கம் திடீரென வெறுமையானால் முதலில் என்ன செய்வாய்?" எதிர்பார்க்கும் விடை: கையை எடுப்பேன், மூடமாட்டேன், இசட் விசையால் மீட்பேன், பிறகு வேறு பெயரில் சேமிப்பேன்.

நமக்கும் ஒரு குறிப்பு

இணையப் படிவங்களில் டபிள்யூ விசை பல நேரம் கேள்வி கேட்காமலே பக்கத்தை மூடிவிடும். நீண்ட விவரங்களை முதலில் ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, பிறகு படிவத்தில் ஒட்டுவது நல்லது.