டேங்கின் அடியில் தண்ணீர்

ஆகஸ்டு மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டது. கொச்சித் துறைமுகத்தில் இருந்து ஒரு விசைப்படகு ஆழ்கடலுக்குப் புறப்பட்டது. படகில் பத்துப் பேர். எல்லோரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள்.

இரண்டாம் நாள் இரவு காற்று பலமாக வீசியது. என்ஜின் திணறியது. பிறகு நின்றே போனது. படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி ஆடியது. அப்படித் திரும்பிய படகைப் பெரிய அலை கவிழ்த்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

டிரைவர் டார்ச் லைட்டோடு என்ஜின் அறைக்குள் இறங்கினார். அவருடைய தங்கை மகனும் கூடப் போனான். டீசல் பில்டரைக் கழற்றினார்கள். அதில் கறுப்பாக, வழவழவென்று அழுக்கு அப்பியிருந்தது. அடியில் தண்ணீர்.

"டேங்கை மூடித்தானே வச்சிருந்தோம் மாமா! தண்ணி எப்படி வந்தது?"

"அரை டேங்க் டீசலோட ரெண்டு மாசம் படகைக் கட்டிப் போட்டோமே மக்கா. அதான்."

நல்லவேளை, படகில் புதுப் பில்டர் ஒன்று இருந்தது. அதை மாட்டினார்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து என்ஜின் ஓடியது. படகு கரைக்குத் திரும்பியது. மீன் இல்லை. டீசல் செலவுதான் மிச்சம்.

தண்ணீர் எப்படி வந்தது?

குளிர்ந்த நீர் உள்ள சொம்பின் வெளியே நீர் முத்து முத்தாகப் படியும். பார்த்திருப்பீர்கள். டேங்கிலும் அதுதான் நடக்கிறது. பாதி டேங்கில் டீசல், மீதியில் காற்று. அந்தக் காற்றில் ஈரம் உண்டு. இரவில் தகடு குளிரும். ஈரம் நீராகி உள்ளே வடியும். நீர் டீசலைவிடக் கனமானது. அதனால் அடியில் போய்த் தங்கும்.

நீரும் டீசலும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளரும். அவை டீசலையே தின்னும். அந்தக் கறுப்பு அழுக்கு அவை உண்டாக்கியதுதான். கடல் அமைதியாக இருந்தால் அது அடியிலேயே கிடக்கும். படகு ஆடினால் கலங்கி மேலே வரும். பில்டரை அடைக்கும். அதனால்தான் அலை பெரிதாக இருக்கும் நேரத்தில் என்ஜின் நிற்கிறது.

மேற்குக் கரையில் மத்திய அரசின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது மழைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டும் 61 நாட்கள். படகைக் கட்டும் முன் டேங்கை நிரப்பி வையுங்கள். டீசல் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

"கடையில டீசல் மருந்து விக்கிறாங்களே மாமா. ஒரு பாட்டில் ஊத்தினா சரியாகாதா?"

"கிருமி சாகும். செத்த கிருமி எங்கே போகும்? அதே பில்டருக்குத்தான்!"

மாமா சொன்னது சரி. கிருமியைக் கொல்லும் மருந்து உண்டு. ஆனால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். டேங்கைக் கழுவ வேண்டும். பிறகு பாட்டிலில் எழுதியுள்ள அளவு மட்டும் ஊற்ற வேண்டும். அந்த எழுத்தைப் படித்துப் பாருங்கள். அதிகம் ஊற்றினால் அதிக நன்மை இல்லை. அது விஷ மருந்து. கையில் படக்கூடாது. மண்ணெண்ணெயை மருந்து என்று நினைத்துக் கலக்காதீர்கள். டீசலில் உள்ள வழவழப்பு குறைந்து பம்ப் தேயும்.

அந்தப் படகில் இப்போது ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. காலையில் என்ஜினை ஓட்டும் முன், தங்கை மகன் பில்டரின் அடித் திருகைத் திறந்து அதில் கொஞ்சம் பிடிக்கிறான். சிறிது நேரம் ஆடாமல் வைக்கிறான். அடியில் நீர் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடிக்கிறான். வடித்ததைக் கடலில் கொட்டுவதில்லை. பழைய கேனில் ஊற்றிக் கரைக்குக் கொண்டு வருகிறான்.