கலைஞர்கள் தங்க, ஊர் கூட: நமக்கென்று ஓர் இடம்



எங்கள் பணிப் பகுதியில் கோரைப் பாய் நெய்யும் ஊர் ஒன்று உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பாய் நெய்கிற பெண்களுக்கென்று ஒரு கூடம் கட்டித் தந்தார்கள். நான்கு சுவர், தகரக் கூரை, சின்னச் சின்ன ஜன்னல். திறப்பு விழாவில் நாங்களும் கைதட்டினோம். இரண்டு கோடை போவதற்குள் கூடத்துக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

ஏன் என்று கேட்டோம். "பகல்ல அதுக்குள்ள யாரும்மா உக்கார முடியும்? அடுப்பு மேல உக்கார்ந்த மாதிரி இருக்கு. கோரையை நனைக்கத் தண்ணி இல்ல, கக்கூஸும் இல்ல. கட்டுறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எங்களிடம் பதில் இல்லை.

இப்போது அதே ஊரின் கூட்டமைப்பு 10 சென்ட் நிலத்தில் புதிதாக ஓர் இடம் கட்டப் பேசிக்கொண்டிருக்கிறது. பாய் நெய்ய, கூத்துக் கலைஞர்கள் ஒத்திகை பார்க்க, கற்றுக்கொள்ள வரும் வெளியூர்க் கலைஞர்கள் தங்க, நம் கூட்டம் நடத்த என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடம். இந்த முறை போகப்போவது உறுப்பினர்களின் சேமிப்புப் பணம். தப்பாகக் கட்டிவிட்டால் திரும்பி வராது. எனவே இதைச் சரியாகச் செய்த இரண்டு இடங்களைப் பற்றி இந்த இதழில் படிப்போம்.

முதல் பாடம்: கூரையே குளம்

ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அதன் தென்கிழக்கில் தம்பகூந்தா பகுதியில் சிந்தியான் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. வருடத்தில் நாலைந்து மாதம்தான் மழை. மீதி மாதங்கள் காய்ச்சல்தான். அங்கே 2015-ல் கலைஞர்கள் தங்கி வேலை செய்யவும் ஊரார் கூடவும் ஒரு மையம் திறக்கப்பட்டது. பெயர் 'த்ரெட்'. நூல் என்று பொருள். ஆனி ஆல்பர்ஸ் (1899–1994) என்ற புகழ்பெற்ற நெசவுக் கலைஞர், அவர் கணவர் இருவரின் பெயரிலும் உள்ள அறக்கட்டளை இதற்கு உதவியது. வரைபடம் போட்டவர் தோஷிகோ மோரி என்ற பெண் கட்டடக் கலைஞர். அவர் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது கூரை. நம் வீட்டுக் கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். அங்கே அதைத் தலைகீழாக்கி, தண்ணீர் உள்பக்கமாக ஓடித் தொட்டிகளில் சேரும்படி அமைத்தார்கள். கிராமத்தின் வீட்டுத் தேவையில் சுமார் 40 சதவீதத் தண்ணீரைப் பிடிக்கும் அளவுக்கு அந்தக் கூரையைத் திட்டமிட்டார்கள். கலைஞர் வந்தாலும் வராவிட்டாலும் ஊருக்கு அந்தக் கட்டடம் வேண்டும். இதுதான் அதன் பலம்.

மூங்கில், செங்கல், கூரைப்புல் எல்லாம் அந்த வட்டாரத்துப் பொருட்கள். கட்டியவர்களும் உள்ளூர் ஆட்கள். அதனால் பழுது வந்தால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். காற்றுப் போக சுவரில் ஓட்டைகள், நடுவில் முற்றம், கலைஞர் தங்க இரண்டு இடம். மற்றதெல்லாம் சந்தை, கூட்டம், வகுப்பு, விவசாயப் பயிற்சி என்று ஊருக்குத்தான்.

இரண்டாம் பாடம்: கைவேலையில் வந்த நிலம்

இது நம் ஊர்க் கதை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தலைமையில் 1966-ல் தொடங்கியது. படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரு சங்கமாகச் சேர்ந்து பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். அன்று அது ஆள் நடமாட்டம் குறைந்த மணல்காடு. இன்று நகரம் அங்கே வந்துவிட்டது. கலைக்கூடமும் திறந்தவெளி அரங்கும் இன்னும் இருக்கின்றன.

நம் குழுக்கள் செய்வதும் இதுதானே? முதலில் கூட்டாக உழைப்பு, அதிலிருந்து சேமிப்பு, பிறகு சொத்து.

நம் 10 சென்டில் என்ன செய்யலாம்?

*வெயில்:* கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். கிழக்கு, மேற்குச் சுவர்கள் குட்டையாக இருந்தால் சூடு குறையும். தகரம் வேண்டாம், ஓடு போடலாம். சுற்றிலும் அகலத் தாழ்வாரம் விட்டால் பாய்த்தறியை அங்கேயே நீளமாக விரிக்கலாம். முற்றத்தில் கோரை காயவைக்கலாம். இரவில் அதே முற்றம் கூத்து மேடை.

*சுவர்:* செங்கல்லை நட்டுக்குத்தலாக வைத்து உள்ளே வெற்றிடம் விடும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரப்பினார். செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் சூடும் குறைவு. இந்த வேலை தெரிந்த கொத்தனாரை முன்கூட்டியே தேடிவைக்க வேண்டும்.

*தண்ணீர்:* இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு நாள் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 4,650 லிட்டர். சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கு போனாலும் சுமார் 3,700 லிட்டர் கையில் நிற்கும். கோரை நனைக்கத் தாராளமாகப் போதும். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியை மூடிவைக்க வேண்டும்.

*தங்கும் அறை:* இரண்டு போதும். கூடத்தின் ஒரு கோடியில், தனி வாசல், தனிக் கழிப்பறையுடன் இருக்கட்டும். பெண் கலைஞர் தனியாக வந்தாலும் பயமில்லாமல் படுக்க வேண்டும். உள்தாழ்ப்பாள், விளக்கு இரண்டையும் வரைபடத்திலேயே குறியுங்கள்.

*பராமரிப்பு:* எத்தனையோ கட்டடங்கள் செத்துப்போவது இதனால்தான். ஓடு உடையும், குழாய் அடைக்கும். 20 குழு, குழுவுக்கு 12 பேர், ஆளுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் மாதம் 2,400. வருடத்துக்கு 28,800 ரூபாய். தங்க வருபவர் தரும் வாடகையும் இதே கணக்கில் சேரட்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. சாவி ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. முறை வைத்து மாற்றுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. இந்த இடத்தை தினமும் யார் பயன்படுத்துவார்கள்? அவர்களிடம் கேட்டாச்சா?
2. கலைஞர் யாரும் வராத மாதங்களில் இந்த இடம் ஊருக்கு எதற்கு உதவும்?
3. நிலம் யார் பெயரில் பதிவாகும்?
4. நம் ஊரில் கிடைக்கும் கட்டுமானப் பொருள் என்ன? பழுது பார்க்கத் தெரிந்தவர் யார்?
5. மாதம் 10 ரூபாய் தர முடியாத உறுப்பினருக்கு என்ன வழி? உழைப்பாகத் தரலாமா?

வரும் பொதுக்குழுவுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கூடம் இது, அறை இது, கழிப்பறை இது என்று நடந்து பாருங்கள். தறியைக் கொண்டுபோய் விரித்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழித்து மாற்றிப் போட எந்தச் செலவும் இல்லை. சுவர் எழும்பிய பிறகு அது முடியாது.

அந்த மூத்த உறுப்பினர் இந்த முறை கட்டடக் குழுவில் இருக்கிறார். முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னது: "முதல்ல தண்ணி, அப்புறம் நிழல், அப்புறம்தான் சுவரு." தீர்மான நோட்டில் முதல் வரியாக அதையே எழுதியிருக்கிறோம்.