நோயாளி உள்ள வீட்டில் தொட்டிப் பூங்கொடி

நீண்ட சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், மருந்தும் உணவும் குறித்துக் கேட்டறிந்த பின், இறுதியாக ஒரு வினா எழுப்புவதுண்டு: "இனி வீட்டில் நான் என்ன வேலை செய்யலாம்?" கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலோர் கரிசல் காட்டிலோ தீப்பெட்டித் தொழிலிலோ ஓயாது உழைத்தவர்கள். அவர்களுக்குச் சும்மா இருத்தல் ஓய்வன்று, துன்பமே. அவர்களுக்கு ஏற்ற வேலைகளுள் ஒன்று, தொட்டியில் ஒரு பூங்கொடி வளர்ப்பது. ஆயினும் எல்லா நோயாளிக்கும் எல்லாக் கொடியும் பொருந்தாது. மருந்தை ஆளறிந்து, அளவறிந்து, எச்சரிக்கையறிந்து தருவது போலவே கொடியையும் தெரிவுசெய்ய வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

கொடியால் விளையும் நன்மை

ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள் 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களுள் 23 பேரின் அறைச் சாளரம் மரங்களை நோக்கியிருந்தது. மற்ற 23 பேர் செங்கற்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வலியைத் தணிக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. பச்சையைப் பார்த்தால் நோய் தீரும் என்று இதைக்கொண்டு கூறிவிட முடியாது. எனினும், படுக்கையில் இருப்பவரின் கண்ணெதிரே உயிருள்ள ஒன்று வளர்வது வீண் அலங்காரம் அன்று என்பதை இது உணர்த்துகிறது.

கொடி வளர்ப்பில் கைக்கும் வேலை உண்டு. பக்கவாதத்தால் கைவிரல்கள் தளர்ந்தவருக்கு, தளிரைப் பருத்தி நூலால் பந்தலோடு தளர்வாகக் கட்டுவதும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து மொட்டைக் கொய்வதும், பூத்தொடுப்பதும் நல்ல விரற்பயிற்சிகள். இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளுக்கு இவை மாற்றாகா, துணையாகும்.

கரிசல் மண் தொட்டியில் ஏன் ஒவ்வாது?

நம் ஊர் மண்ணின் சிறப்பை நாம் அறிவோம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த கரிசல் நிலம், மழை ஓய்ந்த பின்னும் பல வாரங்கள் ஈரம் காத்துப் பருத்தியையும் சோளத்தையும் உளுந்தையும் விளைவிக்கும். அதனால்தான் மானாவாரி வேளாண்மையை ஆராயக் கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

ஆனால் காட்டில் வரமாக விளங்கும் அதே குணம் தொட்டியில் கேடாகிறது. கரிசலில் மிகுந்துள்ள களி, நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். திறந்த நிலத்தில் அவ்வெடிப்புகள் வழியே காற்றும் நீரும் ஆழத்திற்குச் செல்லும். சிறு தொட்டியிலோ, நனைந்த களி வேருக்குக் காற்று இல்லாமற் செய்துவிடுகிறது. காய்ந்த களி தொட்டியின் சுவரை விட்டு விலகுகிறது. அப்போது ஊற்றும் நீர் அவ்விடைவெளி வழியே அடித்துளைக்கு ஓடிவிடுகிறது. மேலே ஈரம் தெரியும். வேர் வறண்டே கிடக்கும். மேலும் கரிசல் காரத்தன்மை உடையது. அதில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க இயலாமையால், இளந்தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறும்.

ஆகவே தொட்டிக்குக் கரிசலை மட்டும் இடலாகாது. கரிசல் ஒரு பங்கு, செவல் மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணஎரு ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். அடியில் மூன்று நான்கு துளைகள் இருத்தல் வேண்டும். கடலை மிட்டாய்க்குப் பெயர்பெற்ற ஊரில் நிலக்கடலைத் தோல் எளிதிற் கிடைக்கும். அதனை மேல்மண்ணின்மீது இரண்டு விரற்கிடை பரப்பினால் வெயிலில் ஈரம் விரைந்து போகாது.

சிமெண்ட் தொட்டி, மண் தொட்டி, எண்ணெய் டின், பெயிண்ட் வாளி ஆகிய எதுவும் உதவும். பூச்சிக்கொல்லி மருந்தோ, தொழிற்சாலை இரசாயனமோ இருந்த டின்களையும் பீப்பாய்களையும் மட்டும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், பயன்படுத்தாதீர்கள்.

இடமும் பந்தலும்

முல்லைக்குத் தேரை ஈந்த பாரியின் கதை, பற்றுக்கோடு இன்றிக் கொடி வாழாது என்பதைச் சொல்லும். நம் பகுதியில் பற்றுக்கோடு மட்டும் போதாது, மறைப்பும் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று எத்துணை வலியது என்பதற்குக் கயத்தாற்றுக் காற்றாலைகளே சான்று. வறண்ட அக்காற்று இலைகளின் ஈரத்தை உறிஞ்சி, உயரமான பந்தலைத் தொட்டியோடு சாய்த்துவிடும். ஆகவே தொட்டியை வீட்டின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். பந்தல் நோயாளியின் தோளுயரத்தைத் தாண்டாதிருப்பது நலம். அண்ணாந்து பார்த்துக் கையுயர்த்தி வேலை செய்தால் தலைச்சுற்றல் உள்ளவர்கள் விழக்கூடும். நாற்காலியில் அமர்ந்தபடியே எட்டும் உயரமே சிறந்தது.

ஏற்ற கொடிகள்

முதன்முதலாக வளர்ப்பவர்க்குச் சங்குப்பூவே ஏற்றது. பயறு இனத்தைச் சேர்ந்ததால் தன் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். களிமண்ணையும் வறட்சியையும் தாங்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கரிசலை ஒத்த நிலங்களில் இதனைத் தீவனப் பயிராகவே வளர்க்கின்றனர். விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். முள் இல்லை, கடும் மணமும் இல்லை. ஆனால் அதன் விதையும் வேரும் பேதியாக்கும் தன்மையுடையவை, உண்ணலாகாது. பூவைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் அண்மையில் பரவிவருகிறது. நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனைக் குடிக்க வேண்டாம்.

மணம் விரும்புவோர்க்குப் பிச்சியும் முல்லையும் உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தான் வெளியிட்ட முல்லை இரகம் ஒன்றுக்குப் பாரிமுல்லை என்றே பெயரிட்டுள்ளது. இவற்றுக்குச் சற்றே பெரிய தொட்டியும் நல்ல வெயிலும் தேவை. மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் புதுக்கிளைகள் விட்டுப் பூக்கும். புற்றுநோய் மருந்தேற்றத்தால் குமட்டல் உள்ளவர்க்கும், ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்க்கும் இம்மணமே தொல்லையாகலாம். அவர்கள் படுக்கைச் சாளரத்தருகே இவற்றை வைக்க வேண்டாம்.

மாலையில் வெண்மையாய் மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பின் செந்நிறமாகும் இரங்கூன் மல்லி கண்ணுக்கு விருந்து. ஆனால் விரைந்து பெருகுவதால் அடிக்கடி வெட்டிவிட ஆள் வேண்டும். காகிதப்பூ வறட்சியை நன்கு தாங்கும்; ஆனால் அதன் முள் கூரியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவரும் நீரிழிவு உடையவரும் அதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் வைக்கக் கூடாதவை

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்கு உவமை கூறிய எழில்மிகு கொடி அது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் அதன் விதைக்காகவே உழவர்கள் அதனைப் பயிரிடுகின்றனர். கீல்வாதத்திற்கு நாங்கள் எழுதித் தரும் கோல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் அவ்விதையில் உள்ளது. மில்லிகிராம் அளவில் மருந்தாகும் அப்பொருள், அளவு மீறினால் உயிர் கொல்லும் நஞ்சு.

கொடியின் எல்லா உறுப்புகளிலும் இந்நஞ்சு உண்டு. கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் வழங்கும் அதன் கிழங்கை, உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கு எனத் தவறாகக் கருதிச் சமைத்து உண்டு உயிரிழந்தோர் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை சற்றே தணிந்தாற்போலத் தோன்றும் வேளையில், அடுத்த சில நாள்களில் சிறுநீரகம், இதயம், எலும்பு மச்சை ஆகியவை பாதிக்கப்படும். உடனடியாக முறிக்கும் மாற்று மருந்து நம் மருத்துவமனைகளில் இல்லை. ஆகவே குழந்தைகளோ, நினைவாற்றல் குன்றிய முதியோரோ, மனச்சோர்வால் வாடுபவரோ உள்ள வீட்டில் செங்காந்தளை வளர்க்கவே கூடாது. கறுப்புப் புள்ளியுடைய செம்மணிகளால் குழந்தைகளை ஈர்க்கும் குன்றிமணிக் கொடிக்கும் இதுவே விதி.

எவரேனும் இவற்றை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். உப்புநீர் தர வேண்டாம். அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திருக்கவும் வேண்டாம். 108 ஊர்தியை அழைத்து, உண்ட செடியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நீரும் டெங்குவும்

சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணி நீரை நாம் பீப்பாய்களிலும் குடங்களிலும் சேமித்தே புழங்குகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது இத்தகைய தெளிந்த, தேங்கிய நீரில்தான். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். எனவே அடித்தட்டை நீக்கிவிடுங்கள். இயலாவிடில் அதில் மணலை நிரப்புங்கள். வாரம் ஒருமுறை தட்டை வெறுமனே கவிழ்த்தால் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டைகள் வறண்டும் பல மாதங்கள் உயிர்தரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். சேமிப்புப் பீப்பாய்க்கும் துணி கட்டிய மூடி தேவை.

நீரின் தேவையை அறிய, தென்னை ஈர்க்கு ஒன்றை இரண்டு அங்குலம் மண்ணில் செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் அன்று நீர் வேண்டாம். நீரிழிவால் விரல் மரத்தவர்க்கு, விரலால் தொட்டறிவதைவிட இம்முறை நம்பகமானது. உவர்க் கிணற்று நீரும், ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரும் மண்ணில் உப்பைச் சேர்க்கும். உப்புச் சேராத அரிசி கழுவிய நீரை அன்றன்றே ஊற்றலாம்.

நோய்க்கேற்ற கட்டுப்பாடுகள்

நீரிழிவு உடையவர்: கால் உணர்ச்சி குன்றியவர் வெயிலேறிய மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நின்றால், சுடுவதை அறியாமலே பாதம் கொப்பளித்துவிடும். மூடிய காலணியுடன், காலை எட்டு மணிக்கு முன் வேலையை முடியுங்கள். மழைக்காலத்தில் ஈரமண்ணிலிருந்து தோற்காயம் வழியே மெலியாய்டோசிஸ் என்னும் கடும் தொற்று வரக்கூடும். அது நீரிழிவு உடையவரையே மிகுதியும் தாக்குகிறது. கையுறை கட்டாயம், காயம் இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்: ஃபிஸ்டுலா உள்ள கையால் வாளியோ தொட்டியோ தூக்கலாகாது.

அறுவை செய்துகொண்டவர்: 15 லிட்டர் தொட்டி நனைந்த மண்ணுடன் ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும். மருத்துவர் இசைவு தரும்வரை அதனை நகர்த்தவும் முயலாதீர்கள்.

உறுப்புமாற்று செய்துகொண்டவர், புற்றுநோய் மருந்தேற்றத்தில் இருப்பவர்: மண்ணிலும் எருவிலும் உள்ள பூஞ்சை நுண்வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். பூத்தொட்டிகளைச் சில வார்டுகளில் நாங்கள் அனுமதியாததும் இதனாலேயே. மண்வேலையைக் குடும்பத்தார் செய்யட்டும். சாளரத்துக்கு வெளியே தழைக்கும் கொடியைப் பார்ப்பதே நோயாளியின் பங்கு. அப்பார்வையின் பயனை உல்ரிச்சின் ஆய்வில் முன்னரே கண்டோம்.

அனைவரும்: தடுப்பூசிப் பதிவைச் சரிபார்த்து, தேவையெனில் இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தொட்டியுடன் தொடங்குங்கள். வெயில் தணிந்து முதல் மழை விழும் ஐப்பசி மாதம் சங்குப்பூ விதை ஊன்ற ஏற்றது. தைப் பொங்கலுக்கு முன் பூவைக் காணலாம். அடுத்தமுறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, எந்தக் கொடியை எங்கே வைக்க எண்ணுகிறீர்கள், மண்வேலையை யார் செய்வார் என்பதையும் எங்களிடம் கூறுங்கள். உங்கள் மருந்துச்சீட்டைப் பார்த்து, அது உங்களுக்கு ஏற்றதா என்பதை நாங்கள் சொல்வோம்.