அரிசிப் பூசணமும் நெஞ்சக நோயும்

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் தஞ்சை உழவர் அஞ்சுவது பூசணத்துக்கே. கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஆதலின் சாலையோரமெங்கும் நெல்லைப் பரப்பிக் கிளறுவோரை விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் காண்கின்றோம். அத்தகைய அரிசிப் பூசணம் ஒன்றிலிருந்தே நெஞ்சக நோயாளர்க்கு நன்மருந்து பிறந்ததென்பது பலர் அறியாத செய்தி.

இரத்தத்திற் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு மிகுமாயின், அது நெஞ்சக நாளங்களின் உட்சுவரிற் படிந்து அடைப்பை உண்டாக்கும். அதிற் பெரும்பகுதி உணவினின்று வருவதன்று. உடலே, சிறப்பாகக் கல்லீரல், ஆக்கிக்கொள்வது. அவ்வாக்கத்தைத் தடுக்கும் பொருளை நாடி, ஜப்பானிய உழவர் குடியிற் பிறந்த அகிரா எண்டோ என்பார் 1971 முதல் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களை ஆய்ந்தார். 1973-இல், கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிற் கிடைத்த பூசணத்தில் அதனைக் கண்டார். ஸ்டாட்டின் என வழங்கும் மருந்துக் குடும்பத்துக்கு அதுவே முதல். இம்மருந்தால் ஆக்கம் குறையவே, அக்குறையை நிரப்பக் கல்லீரல் இரத்தத்தில் ஓடும் கொழுப்பை ஈர்த்துக்கொள்கின்றது.

இதன் பயனை ஐயமற நிறுவியது 1994-இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு. நெஞ்சக நோயாளர் 4444 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குச் சிம்வாஸ்டாட்டினும் மற்றையோர்க்கு மருந்தில்லா மாத்திரையும் ஐந்தாண்டுக்கு மேல் அளித்து நோக்கினர். மருந்துண்டோருள் 182 பேரும், உண்ணாதாருள் 256 பேரும் இறந்தனர். யாம் கருத்திருத்த விழைவது பிறிதொன்று: தொடக்கத்தில் இரு கூறினர்க்கும் வேற்றுமை பெரிதாகப் புலப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லவே இடைவெளி விரிந்தது.

இவ்விடத்தேதான் நம்மவர் இடறுகின்றனர். திருவையாற்றுக்கு அணித்தான சிற்றூரில் வாழும் எம் பெரியப்பா ஈராண்டுக்கு முன் மாரடைப்புற்றுப் பிழைத்தவர். "மூச்சும் வாங்கவில்லை, மார்பும் வலிக்கவில்லை, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று சென்ற தை முதல் நிறுத்திவிட்டார். மருந்தின் பயன் உண்பவர்க்குத் தெரிவதில்லை. வாராதொழிந்த நோயை யார் கண்டார்?

"பெரியப்பா, சென்ற ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் நன்றாய் வந்ததென்று இவ்வாண்டு தூர்வாராமல் விடுவீர்களா?" என்று வினவினோம். சற்றே நகைத்தவர், பிறகுதான் உண்மையை உரைத்தார்: மாத்திரை உண்ட நாளில் தொடைத் தசை நொந்ததாம். அஃது இம்மருந்தால் சிலர்க்கு நேர்வதே. எனினும் எல்லா நோவும் அதனால் வருவதன்று. மருத்துவர் அறிந்தால் அளவைக் குறைப்பார், அன்றி இனத்தை மாற்றுவார். இத்தனை நாள் அவரிடம் சொல்லாதது ஏனென்று கேட்டதற்கு, "வயற்காட்டில் யாருக்குத்தான் கால் வலிக்கவில்லை?" என்றார்.

நடவு முடிந்ததும் மருத்துவமனைக்கு வர இசைந்துள்ளார். நடவுக்கு முன்னரே அழைத்துச் செல்ல யாம் முயல்கின்றோம்.